போ தேக்கைக் கூட்டிவரப் போன காலை

தான் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டுக்குள் நுழைய, கிம் லுவான் அன்று டிக்கெட் வாங்க வேண்டியிருந்தது.

"இந்த நடையை நாம எத்தனை வருஷம் கூட்டிப் பெருக்கியிருப்போம்? நமக்கே டிக்கெட்டாம்" என்று முணுமுணுத்தாள் கூட வந்த லாய் செங். சன்னலுக்குப் பின்னால் இருந்த பெண், மூத்தவர்களுக்குப் பாதிக் கட்டணம்தான் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தப் பாதியும் லாய் செங்குக்குப் பொறுக்கவில்லை. அவள் நாக்கு அப்படி. ஆனால் மனசு வெல்லம். முந்த்ரி தெருவின் இந்த மாளிகையில் கிம் லுவானின் அறைக்கு அடுத்த அறையில், ஒரு பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் குடியிருந்தவள். நள்ளிரவில் கிம் லுவான் இருமினால் பலகைக்கு மேலாக இஞ்சித் தண்ணீர் வரும். கூடப் பிறக்காத அக்கா.

கிம் லுவான் கையிலிருந்த பிரம்புக் கூடையை மார்போடு அணைத்துக்கொண்டாள். மேலே ஒரு பழைய சால்வை. அதற்கடியில் சாம்பல் நிறைந்த சின்ன ஊதுவத்திக் கிண்ணம், ஒரு கட்டு வத்தி, குறி கேட்பதற்குச் சிவப்புச் சாயம் பூசிய இரண்டு பிறைக்கட்டைகள், பிளாஸ்டிக் பையில் கயிறு போட்டுக் கட்டிய கறுப்புக் காபி. செத்துப்போன புருஷனை வீட்டுக்கு அழைத்துப்போக வேண்டிய சாமான்கள் அவ்வளவுதான்.

ஏப்ரல் மாதம் வரைக்கும் அவள் நிம்மதியாகத்தான் இருந்தாள். புருஷன் போ தேக் தன்னோடு மெக்காலம் தெரு அடுக்குமாடியில், அலமாரி மேலிருக்கும் கிண்ணத்தில் இருக்கிறான் என்றே நம்பியிருந்தாள். உடம்பு மலைமேல் சமாதியில் கிடக்கும். வீட்டுக்குச் சோறு தின்ன வருகிற ஆவிக்கு இருப்பிடம் அந்தக் கிண்ணம்தான். காலையில் காபி, பண்டிகையில் வேகவைத்த கோழி, மகள் கோலாலம்பூரிலிருந்து வந்தால் அவள் வாங்கி வரும் கேக்கில் முதல் துண்டு. எல்லாம் அவனுக்குப் படைத்த பிறகுதான் மற்றவர்களுக்கு.

முன்னோர் சமாதியில் புல் செதுக்கும் செங் பெங் நாளன்று, மலையிலிருந்து இறங்கி வந்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். கொழுந்தன் போ கியோங் இரண்டு பீர் குடித்திருந்தான். படகுத்துறையில் கயிறு இழுத்தே வாழ்க்கையைக் கழித்தவன், கல்யாணம் கட்டாதவன், அண்ணன் மீது உயிரையே வைத்திருந்தவன். திடீரென்று தலையைக் குனிந்துகொண்டு ஒரு விஷயத்தைச் சொன்னான்.

இந்த ஊரில் வீடு மாறுகிறவர்கள் செத்தவர்களை விட்டுவிட்டுப் போவதில்லை. கிண்ணத்தில் வத்தி கொளுத்தி, பேர் சொல்லி அழைத்து, குடை பிடித்து, அணையாமல் புதுவீடு வரை எடுத்துப்போக வேண்டும். தெருமுனை வந்தால் திரும்புகிறோம் என்று சொல்ல வேண்டும். பாலம் வந்தால் பாலம் என்று சொல்ல வேண்டும். புகையைப் பிடித்துக்கொண்டுதான் ஆவி பின்னாலேயே நடந்து வரும். நடுவில் வத்தி அணைந்தால் அது அங்கேயே நின்றுவிடும். மாளிகையை விட்டு எல்லாக் குடும்பங்களும் வெளியேற வேண்டி வந்த அந்த நாளில் பேய்மழை. லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். போ தேக் போன பிறகு ஆண்பிள்ளை இல்லாத வீட்டில், அவன் கிண்ணத்தைத் தூக்கியவன் கியோங்தான். முற்றத்தைக் கடக்கும்போதே மழை வத்தியை அணைத்துவிட்டது. வாசலைத் தாண்டி நடைபாதைக்கு வந்த பிறகு, யாரும் பார்க்காதபோது, சட்டைப்பையிலிருந்த லைட்டரால் மறுபடி கொளுத்திக்கொண்டான். யாரிடமும் சொல்லவில்லை.

கிம் லுவான் சாப்பாட்டுக் குச்சியைக் கீழே வைத்தாள்.

"அப்போ இத்தனை வருஷமா நான் யாருக்குச் சோறு வச்சேன்?"

"தெரியல அண்ணி."

அவ்வளவுதான் பேச்சு. அன்று கதவைச் சாத்தியவள் அவனுக்காக மறுபடி திறக்கவே இல்லை. வாரம் தவறாமல் மீன் வாங்கி வந்து கதவில் மாட்டிவிட்டுப் போனான். அவள் அதை எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். கண்ணை மூடினால், இருட்டில், ஆளில்லாத பெரிய வீட்டில், யாரும் கூப்பிடாமல் ஒரு மனுஷன் நின்றுகொண்டிருப்பது தெரிந்தது. எத்தனை செங் பெங், எத்தனை புதுவருடம். பசியோடு. அதை நினைத்தால் எந்தப் பெண்ணுக்குத் தொண்டையில் சோறு இறங்கும்?

பூட்டிக் கிடந்த மாளிகை புதுப்பிக்கப்பட்டுப் பார்வைக்குத் திறந்திருக்கிறது என்ற செய்தியைக் கொண்டுவந்தவள் லாய் செங். அதனால்தான் இந்த டிக்கெட், இந்தக் கூடை.

சுற்றிக்காட்டுகிறவர் பேர் ஹெங். ஐம்பதைத் தாண்டிய வயது, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் விசிறி. ஏழெட்டுப் பேர் கொண்ட கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு பக்கவாசல் வழியாக உள்ளே போனார். நடுவாசல் சாத்தித்தான் இருந்தது. அது என்றைக்கும் அப்படித்தான். மாளிகையைக் கட்டிய மிளகு வியாபாரி கோ பெங் ஹின்னுக்கும், அவர் வீட்டுக்கு வந்த மணப்பெண்களுக்கும், பெரிய விருந்தாளிகளுக்கும்தான் அது திறந்ததாம். குடியிருந்தவர்கள் பக்கவாசலோடு சரி.

உள்ளே காலெடுத்து வைத்ததும் கிம் லுவான் நின்றுவிட்டாள். இது எந்த வீடு? கரியேறிக் கிடந்த மரத்தடுப்பு முழுக்கத் தங்கத் தகடு மின்னியது. மயிலும் தாமரையும் அதில் இருந்ததை அவள் பார்த்ததே இல்லை. அங்கேதான் லாய் செங் கருவாடு தொங்கவிடுவாள். வேலைப்பாடு செய்த தூணில் கொடிக்கயிறு கட்டியிருந்த இடம் வழவழவென்று இருந்தது. பலகைத் தடுப்புகள் ஒன்றுகூட இல்லை. தங்களுடைய அறையைத் தேடித் தேடிப் பார்த்தாள். கடைசியில் சன்னலை வைத்து அடையாளம் கண்டுபிடித்தாள். ஒரு மெத்தை, ஒரு பீரோ, ஒரு தொட்டில், ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி எல்லாம் இருந்த இடத்தில் இப்போது ஒரே ஒரு பூச்சாடி நின்றது. அதைச் சுற்றிச் சிவப்புக் கயிறு.

அந்தக் காலத்தில் பின்கட்டு அடுக்களையில் வரிசையாக அடுப்புகள் எரியும். யார் வீட்டு மீன் கருகுகிறது என்று மூக்கை வைத்தே சொல்லிவிடுவார்கள். மழை வந்தால் முற்றத்துக்குத்தான் முதலில் தெரியும். திறந்த வானத்திலிருந்து கொட்டும். அடுப்பில் கிடப்பதைப் போட்டுவிட்டு எல்லாப் பெண்களும் துணி எடுக்க ஓடுவார்கள். அவசரத்தில் இவள் புருஷன் சட்டை அவள் வீட்டுக்குப் போய்விடும், அதைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் அரைமணி நேரம் சிரிப்பு. போ தேக் காபிக் கடையில் காபி போடுகிறவன். வெள்ளிக்கிழமை லீவு. அன்று மாலை நீளத் துணி வடிகட்டியைத் தூக்கிப் பிடித்து வீட்டுக்கே காபி போடுவான். கறுப்பாக, சுடச்சுட, மேலிருந்து கீழே ஊற்றும்போது வீடு முழுக்க மணக்கும். அந்த வாசனையில் சண்டை போட்டுக்கொண்டிருந்த புருஷனும் பெண்டாட்டியும்கூட ஒரே கோப்பையைப் பகிர்ந்துகொள்வார்கள். இல்லாமையிலும் அப்படி ஒரு வாழ்வு. யார் கண் பட்டதோ.

"இடைப்பட்ட காலத்துல இங்க நிறையக் குடும்பங்க புகுந்து வீட்டையே நாசம் பண்ணிட்டாங்க" என்று ஹெங் கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அந்த நாசம் நாங்கதான்" என்றாள் லாய் செங், நிதானமாக.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. ஹெங்கின் விசிறி நின்றது. முகம் சிவந்து ஏதோ மன்னிப்புப் போலச் சொல்லிவிட்டு, எல்லாரையும் மாடிக்கு அழைத்துக்கொண்டு போனார்.

மரப்படியில் காலடிச் சத்தம் மேலே ஏறி மறைந்தது. கிம் லுவான் முற்றத்தின் ஓரத்துக் கல்படிக்கு வந்தாள். வெயில் நேராக உள்ளே இறங்கியிருந்தது. இந்தப் படியில்தான் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, காபிக்குத் தண்ணீர்க் கெண்டியோடு வந்த போ தேக் ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். களைப்பு என்று நினைத்தாள். அவன் எழுந்திருக்கவே இல்லை. கல்லைக் கையால் தடவிப் பார்த்தாள். கூடையைத் திறந்தாள். கிண்ணத்தை வைத்து, காபிப் பையைப் பிரித்து, தீக்குச்சியை உரசினாள்.

"ஆண்ட்டி, நெருப்பு கூடாது."

ஹெங் படி இறங்கி வந்துகொண்டிருந்தார். மாடிக்குப் போன கூட்டத்தைப் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தாராம், மனசு உறுத்தியதால். குச்சி கிம் லுவானின் விரலைச் சுட்டது. லாய் செங்தான் எல்லாவற்றையும் சொன்னாள். மழை, லைட்டர், இத்தனை வருடச் சோறு, எதையும் விடவில்லை. கேட்கக் கேட்க ஹெங் விசிறியை மடக்கிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். அவரும் இந்த ஊர்ப் பிள்ளைதானே. அவர் வீட்டிலும் ஒரு கிண்ணம் இருக்கும்.

"கூரை இருக்கிற எடத்துல கொளுத்தினா அலாரம் அடிக்கும்" என்றார் கடைசியில். "முற்றத்துக்குக் கூரை இல்ல. நான் இந்தப் பக்கம் திரும்பி நிக்கிறேன்."

மூன்று வத்தி. புகை நேராக மேலே போனது. கிம் லுவான் மண்டியிட்டு, பிறைக்கட்டைகள் இரண்டையும் கைக்குள் பொத்திக்கொண்டாள். ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாந்தும் விழுந்தால் ஆமாம். இரண்டும் மல்லாந்தால், கேட்டதைக் கேட்டுச் செத்தவர் சிரிக்கிறார் என்று அர்த்தம். இரண்டும் குப்புற விழுந்தால் இல்லை. பெரிய காரியம் என்றால் ஆமாம் என்பது தொடர்ந்து மூன்று தடவை விழ வேண்டும்.

"என்னங்க, நான் வந்திருக்கேன். இங்கதான் இருக்கீங்களா?"

கல்லில் கட்டைகள் விழுந்த சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. ஆமாம். எடுத்து மறுபடி போட்டாள். ஆமாம். மூன்றாவது தடவை போடுவதற்குள் கண் மறைத்தது. லாய் செங்தான் குனிந்து பார்த்துச் சொன்னாள், ஆமாம் என்று. கிம் லுவான் அந்தக் கல்படியில் நெற்றியை வைத்து அழுதாள். இருக்கிறான். போகாமல், கோபித்துக்கொள்ளாமல், விட்ட இடத்திலேயே நின்றிருக்கிறான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். வீட்டுக்கு வாங்க, நானே தூக்கிட்டுப் போறேன் என்று சொல்லிக் கட்டையைப் போட்டாள்.

இரண்டும் மல்லாந்து விழுந்தன. சிரிப்பு.

மறுபடி போட்டாள். சிரிப்பு. மூன்றாவதில் இரண்டும் குப்புறக் கவிழ்ந்தன. இல்லை.

"காபி எங்க வாங்கின?" என்றாள் லாய் செங்.

"தெருமுனைக் கடையில."

"அடுத்தவன் போட்ட காபியை என்னைக்கு அந்த மனுஷன் வாயில வச்சாரு? அதான் சிரிக்கிறாரு."

காபிக்காகத்தானா என்று கேட்டுப் போட்டார்கள். இல்லை. இங்கே குளிர்சாதனம் சுகமாக இருக்கிறதா என்று லாய் செங் தன் பங்குக்குக் கேட்கச் சொன்னாள். சிரிப்பு. மகள் வரவில்லை என்ற குறையா, அதுவும் இல்லை. மாடியிலிருந்து கூட்டம் இறங்கும் சத்தம் கேட்டது. ஹெங் ஓடிப்போய், பின்கட்டைப் பாருங்கள் என்று அவர்களை வேறு வழியில் திருப்பிவிட்டு வந்து, மறுபடி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வத்தி பாதிக்கு வந்துவிட்டது.

லாய் செங் கட்டைகளைப் பொறுக்கி அவள் கையில் வைத்து, யார் தூக்கிக்கொண்டு போவது என்று கேட்டாயா என்றாள்.

கிம் லுவானின் முகம் கல்லானது.

"அவன் பேரை மட்டும் எடுக்காதக்கா."

"நான் எடுக்கல. நீயும் எடுக்க மாட்ட. அந்த மனுஷனால வாயைத் திறந்து எடுக்க முடியாது. பின்ன எப்பிடித்தான் வருவாரு?"

வத்திச் சாம்பல் உதிர்ந்தது. கிம் லுவானுக்குள் ஏப்ரல் மாதத்திலிருந்து கனன்றுகொண்டிருந்த ஒன்று ஒரு தடவை குப்பென்று எரிந்தது. தன் முதுகுக்குப் பின்னால் தட்டிய அந்த லைட்டர். மறைத்த அந்த வாய். அவன் தூக்கித்தானே இவ்வளவும். அவன் கையால் இன்னொரு தடவையா? ஆனால் முன்னால் இருந்த கல்படி காலியாக, பொறுமையாகக் கிடந்தது. அங்கே உட்கார்ந்திருப்பவனுக்கு அண்ணன் தம்பி என்று இந்த உலகத்தில் ஒரே ஒருத்தன்தான்.

உதடு மட்டும் அசைந்தது.

"கியோங் வந்து தூக்கினா வருவீங்களா?"

ஒன்று குப்புற, ஒன்று மல்லாந்து. எடுத்தாள், போட்டாள். ஆமாம். மூன்றாவது தடவை ஒரு கட்டை உருண்டு போய்ச் சுற்றி, ஹெங்கின் காலடியில் நின்றது. அவர் திரும்பிக் குனிந்து, அதையும் படியருகே கிடந்த மற்றதையும் பார்த்தார். "ஆமாங்கறாரு ஆண்ட்டி" என்றார்.

லாய் செங் அதற்குள் எழுந்து நடைப்பக்கம் போய்விட்டாள். திரும்பி வரும்போது பின்னால் கியோங் வந்தான். காலையிலிருந்து எதிர்க்கடையில் உட்கார்ந்திருந்தானாம். வரச் சொன்னது தான்தான் என்று லாய் செங் ஒப்புக்கொண்டாள். "திட்டறதா இருந்தா வீட்டுக்குப் போய்த் திட்டு. வத்தி தீருது."

அந்த ஆறு அடி மனுஷன் முற்றத்தின் விளிம்பில் நின்றான். துவைத்து இஸ்திரி போட்ட சட்டை. கையில் கறுப்புக் குடை. அண்ணியின் முகத்தைப் பார்க்கத் துணியாமல் கல்படியையே பார்த்தான். கயிறு இழுத்துக் காய்ப்பேறிய அந்தக் கைகள் குடைப்பிடியை இறுக்கின.

அவள் அவனை மன்னித்தாளா? அது அவளுக்கே தெரியாது. அவள் செய்தது ஒன்றுதான். புதிதாக மூன்று வத்தியை எடுத்து, எரிகிற வத்தியிலிருந்தே நெருப்பை வாங்கி, கிண்ணத்தில் நட்டு, இரண்டு கையாலும் தூக்கி அவனிடம் நீட்டினாள்.

"ரெண்டு கையாலயும் புடி. குடையை நான் புடிக்கிறேன்."

அவன் வாங்கிக்கொண்டான். வாங்கியதும் கேவல் வெடித்தது. பெரிய உடம்பு குலுங்கியது, ஆனால் கிண்ணம் அசையவில்லை. "அண்ணே, வாண்ணே, வீட்டுக்குப் போலாம்" என்றான்.

பக்கவாசலை நோக்கித் திரும்பியவர்களை ஹெங் கைகாட்டி நிறுத்தினார். முன்னால் நடந்தார். நடுவாசலின் குறுக்குக் கட்டையை உருவினார். இரண்டு பெரிய சிவப்புக் கதவுகளும் முனகிக்கொண்டே திறந்தன. தெருவெயில் உள்ளே பாய்ந்தது. கோ பெங் ஹின்னின் மணப்பெண்கள் வந்த வாசல். டிக்கெட் சன்னலில் இருந்த பெண் எழுந்து நின்றாள்.

"அண்ணே, வாசப்படி. காலைத் தூக்கி வை" என்றான் கியோங். உயரமான வாசற்படியைத் தானும் தாண்டினான். காபி போட்டுப் பிழைத்த போ தேக், பெரிய மனுஷனைப்போல நடுவாசல் வழியாக வெளியே வந்தான்.

கறுப்புக் குடையின் கீழே மூன்று சக்கர சைக்கிள் ரிக்‌ஷா மெதுவாகப் போனது. லாய் செங் இன்னொன்றில் பின்னாலேயே வந்தாள், ரிக்‌ஷாக்காரனிடம் பள்ளம் பார்த்து ஓட்டு என்று அதட்டியபடி. ஒவ்வொரு முனையிலும் கியோங்கின் குரல் கேட்டது. அண்ணே, சூலியா தெரு, வலது பக்கம் திரும்பறோம். அண்ணே, கார்னர்வன் தெரு. நீ வேலை பார்த்த பழைய காபிக் கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசிக் கடை இருக்கிறது, அதைப் பார்த்துத் திகைக்காதே என்று சேர்த்துச் சொன்னான். பிராங்கின் கால்வாய் வந்தபோது, அண்ணே, பாலம், பயப்படாத என்றான். பின்னால் ஹாரன் அடிக்க வந்த கார்க்காரர்கள் குடையையும் புகையையும் பார்த்து ஹாரன் அடிக்காமல் ஒதுங்கிப் போனார்கள். கிம் லுவான் குடையைப் பிடித்திருந்த கை வலித்தது. மாற்றிப் பிடிக்கவில்லை. வழியில் எந்த இடத்தில் என்று தெரியவில்லை, சூடான ஒரு துளி அவள் கையில் விழுந்தது. அது தன் கண்ணீரா கொழுந்தன் கண்ணீரா என்று பார்க்கவும் அவள் குனியவில்லை.

மெக்காலம் தெரு அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்தார்கள். லிஃப்ட் திறந்திருந்தது. கியோங் உள்ளே காலெடுத்து வைக்கப் போனவன் நின்றான்.

"அண்ணி, அண்ணன் லிஃப்ட்ல ஏறினதே இல்லையே."

"சொல்லு. சொன்னா புரிஞ்சுக்குவாரு."

"அண்ணே, இது ஒரு பெட்டி. நம்மளை மேல தூக்கிட்டுப் போகும். கதவு தானா சாத்திக்கும். ஒண்ணும் ஆகாது, நான் பக்கத்துலயே இருக்கேன்."

கதவு மூட வந்தது. கிம் லுவான் கதவு திறக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். விரலை எடுக்கவே இல்லை. "இருடா, அவசரப்படுத்தாத" என்றாள் கொழுந்தனிடம், ஏப்ரலுக்குப் பிறகு முதல் தடவையாக அவனை டா போட்டு.

சந்தையிலிருந்து கீரையும் இறாலுமாக வந்து உள்ளே நின்றிருந்த நாலாம் மாடிப் பெண், கிண்ணத்தைப் பார்த்தாள், குடையைப் பார்த்தாள். பையை இழுத்துக்கொண்டு மூலைக்கு நகர்ந்து, நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டாள்.